மேல்வலி என்ற ஒற்றைச் சொல்

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. வீடு மதுரை அண்ணா நகரில். 2015-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதக் கையைத் தூக்கியபோது வலது தோளில் ஒரு கடுப்பு ஏறியது. பண்டிகைக்கு ஒட்டடை அடித்து வீடு கழுவிய அலுப்பு என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கடுப்பு அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. கோடை விடுமுறை வருவதற்குள் அது கழுத்துக்கும் இடுப்புக்கும் தொடைக்கும் பரவி, காலையில் கண் விழிக்கும்போதே இரவெல்லாம் யாரோ அடித்துப் போட்டதைப் போல உடம்பு கிடக்கத் தொடங்கியது. இந்த நோய்க்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் என்பது 2019 ஆகஸ்டில்தான் எனக்குத் தெரிந்தது. இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளில் ஐந்து மருத்துவர்களைப் பார்த்திருந்தேன். ஆறாவது மருத்துவரிடம்தான் பெயர் கிடைத்தது.

அந்த ஐந்து பேரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் இருவர் மிகுந்த அக்கறையோடு பார்த்தவர்கள். காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரு நோயாளிக்கு ஒதுக்க முடிகிற ஐந்தாறு நிமிடத்தில் நான் எதைச் சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்று பின்னாளில் நினைத்துப் பார்த்தபோது, அவர்கள் அறிய வேண்டியதில் பாதியை நான் சொல்லவே இல்லை என்பது புரிந்தது. ஒவ்வொரு முறையும் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்தான்: "மேலெல்லாம் வலிக்குது டாக்டர்." நம் பக்கத்தில் மேல் என்றால் உடம்பு. காய்ச்சல்காரரும் அதைத்தான் சொல்வார், களை பறித்துவிட்டு வந்தவரும் அதைத்தான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்ட மருத்துவர் ஒரு சத்து மாத்திரையும் ஒரு வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்ததில் வியப்பில்லை.

பரிசோதனைகள் எல்லாம் எடுத்தாயிற்று. ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, முடக்குவாதத்துக்கான ஆர்ஏ ஃபேக்டர், தைராய்டு, சர்க்கரை, பிறகு முதுகுத்தண்டுக்கு ஓர் எம்ஆர்ஐ. வைட்டமின் டி மட்டும் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்த பிறகும் வலி அப்படியே இருந்தது. 2006-இல் தமிழ்நாடு முழுவதும் சிக்கன்குனியா பரவியபோது எனக்கும் வந்திருந்ததால், சிலர் அதன் மிச்சம் என்றார்கள். மற்றபடி தாளில் இருந்தது "நார்மல்" என்ற சொல். அந்தச் சொல் மருத்துவமனையோடு நிற்காமல் என்னோடு வீட்டுக்கும் வந்தது. "அதான் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்கள்ல, பெறகு என்ன?" என்று என் கணவர் கேட்டார். அவர் கடிந்து கேட்கவில்லை, நிம்மதியோடுதான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "மேலு வலிக்காத பொம்பள யாருத்தா இருக்கா?" என்றார் அத்தை. நாற்பது ஆண்டுகள் மாட்டுத்தொழுவத்திலும் வயலிலும் உழைத்தவரிடம் அதற்கு என்ன பதில் சொல்வது?

அந்த ஆண்டுகளில் நான் செய்த பெரிய தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, வெளியூரில் ஓரிடத்தில் கொடுத்த பெயர் எழுதாத பொட்டல மாத்திரைகளை ஏழெட்டு மாதம் சாப்பிட்டேன். மூன்று நிறங்களில் மூன்று மாத்திரைகள். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. அவற்றில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கக்கூடும் என்றும், அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்றும், இந்த நோய்க்கு அதனால் பயன் இல்லை என்றும் பின்னர் தெரிந்தது. உறையின் மேல் பெயர் இல்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கிச் சாப்பிட்டிருந்தால், திட்டுவார்களோ என்று பயந்து அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நான் மறைத்தேன். அதனால் சர்க்கரை ஏறியதற்குக் காரணம் தேடி இன்னும் இரண்டு பரிசோதனைகள் நடந்தன.

ஆறாவதாகப் பார்த்தவர் ஒரு வாதநோய் மருத்துவர், ருமட்டாலஜிஸ்ட் என்று நாம் சொல்கிறவர். என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான் வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கியதும் கையமர்த்தினார். "வலிய விடுங்க டீச்சர். முந்தி செஞ்சு, இப்பச் செய்ய முடியாமப் போனது என்னென்ன, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். கரும்பலகையின் மேல்பாதியில் எழுதி ஓராண்டுக்கு மேலாகிறது. மாட்டுத்தாவணியிலிருந்து பள்ளிக்குப் போகும் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்க முடிவதில்லை. நாற்பது கட்டுரை நோட்டுகளை ஒரே கட்டாகத் தூக்க முடிவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான்கு முழம் மல்லிகை கட்டியவள், ஒரு முழத்திலேயே விரல் மடங்காமல் வாழைநாரைக் கீழே வைத்துவிடுகிறேன். இரவு 3 மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி கண் அயர்வதில்லை; தூங்கிய நாளிலும் தூங்கி எழுந்ததைப் போல இருப்பதில்லை. கடைசியாக, எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்: இருபது ஆண்டுகளாக நடத்திவரும் ஒரு செய்யுளின் மூன்றாம் அடி, வகுப்பின் நடுவே எனக்கு மறந்துபோயிற்று. முன்வரிசைப் பெண் அதை எடுத்துக் கொடுத்தாள். அன்று ஓய்வறையில் போய் அழுதேன்.

மருத்துவர் ஒரு மனித உருவம் வரைந்த தாளைக் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தில் வலித்த இடங்களைக் குறிக்கச் சொன்னார். உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்த படம் அது. நான் 13 இடங்களில் குறியிட்டேன். களைப்பு, அயர்வு தீராத தூக்கம், மறதி ஆகியவற்றுக்கு வேறு மதிப்பெண்கள். 1990-ஆம் ஆண்டு அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு வகுத்த முறையில், உடம்பில் குறிப்பிட்ட 18 புள்ளிகளை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால் இந்த நோய் என்று கொள்வார்களாம். 2010-க்குப் பிறகு அந்தக் கணக்கை மாற்றி, பரவலான வலியோடு தூக்கத்தையும் களைப்பையும் நினைவுத் தடுமாற்றத்தையும் சேர்த்து எடை போடுகிறார்கள். இவை மூன்று மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அவையெல்லாம் இதே போன்ற வலியைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கே. அப்படியானால் என் கோப்பிலிருந்த "நார்மல்" ஒவ்வொன்றும் எனக்கு எதிரான சாட்சி அல்ல, நோயைத் தேடிய வழியில் கடந்துவந்த ஒரு படி என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

நோய் எப்படி வேலை செய்கிறது என்பதை, அன்று உடன் வந்திருந்த என் கணவருக்குப் புரியும்படி மருத்துவர் சொன்னார். "திருவிழாவுக்குக் கொழா ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்கள்ல, மைக்குக்குப் பக்கத்துல ஒரு ஆள் தொண்டையச் செருமுனாலும் ஊருக்கே கேக்கும். இவங்க உடம்புல நரம்பு கொண்டுவர்ற சேதியை மூளையும் தண்டுவடமும் அப்படிப் பெருசாக்கிடுது. தசையில காயம் இல்ல, ஆனா வலி நெசம்." கணவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, "நான் நம்பாம இருந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் முக்கியமான ஒவ்வொரு சந்திப்புக்கும் அவரை உடன் அழைத்துப் போகிறேன். துணைக்கு வருகிறவர் நாம் சொல்ல மறந்ததைச் சொல்வார், மருத்துவர் சொன்னதில் நாம் காதில் வாங்காததை வாங்கிக்கொள்வார். அதைவிடப் பெரிய பயன், மருத்துவர் வாயால் கேட்டதை வீட்டில் நாம் மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

நான் கற்றுக்கொண்டவற்றுள் என் தொழிலோடு ஒட்டியது ஒன்று உண்டு. வலிக்கு நம் மொழியில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை வகுப்பில் நடத்தத் தெரிந்த எனக்கு, மருத்துவரிடம் அவற்றைப் பயன்படுத்தத் தெரியவில்லை. எலும்புக்குள் துளைப்பதைப் போன்றது குடைச்சல். நெடுந்தூரம் நடந்தவர் காலில் வருவது உளைச்சல். ஓயாமல் வேலை செய்த கையில் ஏறுவது கடுப்பு. சுருக்கென்று வந்து போவது குத்தல். தோலுக்கடியில் மிளகாய் அரைத்த கையைப் போலக் காந்துவது எரிச்சல். தொட்டால் உணர்வு மங்கியிருப்பது மதமதப்பு. தசை முறுக்கிக்கொள்வது பிடிப்பு. இவையெல்லாம் ஒன்றல்ல என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். மருத்துவருக்கும் இந்த வேறுபாடு உதவுகிறது. எரிச்சலும் மதமதப்பும் ஒரு பக்கமாக இறங்குகின்றன என்றால் அவர் நரம்பைச் சோதிக்கிறார். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறது என்றால் வேறு வகை வாதமா என்று பார்க்கிறார். என் தொடையில் இருப்பது உளைச்சல், தோளில் இருப்பது கடுப்பு, முன்கைகளில் எரிச்சல் என்று நான் பிரித்துச் சொன்ன நாளில், அவர் பேனாவை எடுத்து அந்தச் சொற்களை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு சந்திப்புக்கும் முதல்நாள் இரவு ஒரே ஒரு தாள் எழுதுகிறேன். தடித்த கோப்பு முழுவதையும் பார்க்க மருத்துவருக்கு நேரம் இராது. ஒரு பக்கத்தைப் பார்ப்பார். மேலே, கடந்த சந்திப்புக்குப் பிறகு எது கூடியது, எது குறைந்தது என்று நான்கைந்து வரிகள். நடுவில், சாப்பிடுகிற எல்லா மருந்துகளும் அளவோடு. இதில் சித்த மருத்துவரிடம் வாங்கிய லேகியம், நாட்டு மருந்துக் கடைக் கஷாயம், மருந்துக் கடையில் நானாக வாங்கிப் போட்ட வலி மாத்திரை ஆகியவையும் இடம்பெறும். கீழே மூன்று கேள்விகள். மூன்றுக்கு மேல் எழுதினால் மூன்றுக்கும் சரியான பதில் கிடைக்காது என்பது என் அனுபவம். மிக முக்கியமான கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும், எழுந்து கதவருகே போய்த் திரும்பி, "இன்னொண்ணு டாக்டர்..." என்று நாம் தயங்கிக் கேட்பதுதான் பெரும்பாலும் முதலில் கேட்டிருக்க வேண்டியது.

மருந்து விஷயத்தில் எனக்கு ஏற்பட்டதைச் சொல்கிறேன். அவரவர் மருந்தை அவரவர் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் என்ற மருந்தை இரவில் கொடுத்தார். தூக்கம் வந்தது, ஆனால் காலையில் பேருந்துப் படியில் கால் வைக்கும்போது தலை சுற்றியது, இரண்டு மாதத்தில் நான்கு கிலோ எடை கூடியது. மருத்துவரிடம் சொல்லாமல் நானாகவே ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். அந்த வாரம் தூக்கமும் இல்லை, படபடப்பும் குமட்டலுமாகக் கழிந்தது. இத்தகைய மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அடுத்த முறை போனபோது அவர் விளக்கினார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "ஒத்துக்கலேன்னா எனக்குச் சொல்லணும்ல டீச்சர், அதுக்குத்தான வேற மருந்து இருக்கு" என்றுதான் சொன்னார். பிறகு டுலாக்செடின் தொடங்கினோம். முதல் பத்து நாள் குமட்டல் இருந்தது, பிறகு அடங்கியது. வலி முழுவதும் போய்விடவில்லை. பத்துக்கு எட்டாக இருந்தது ஐந்தாயிற்று. அந்த ஐந்தோடு நான் பாடம் நடத்த முடிகிறது.

டுலாக்செடின் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து. மருந்துச் சீட்டைப் படித்த உறவினர் ஒருவர், "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று வீட்டில் சொல்லிவிட, இரண்டு நாள் ஒரே பேச்சாகப் போயிற்று. அதே வாரத்தில் மருத்துவர் என்னை ஒரு மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்லியிருந்ததால், அவரும் இதை மனப்பிரமை என்றே கருதுகிறார் என்று எண்ணி மனம் நொந்தேன். மூன்று மாதம் ஆலோசகரிடம் போகாமல் இருந்தேன். பிறகு தாளில் அதையே முதல் கேள்வியாக எழுதிக் கொண்டுபோய்க் கேட்டேன். தண்டுவடத்திலிருந்து மேலேறும் வலிச் செய்தியைத் தணிக்கும் அதே ரசாயனங்களைத்தான் இந்த மருந்து கூட்டுகிறது என்றும், ஆண்டுக்கணக்கில் வலியோடு தூங்காமல் இருப்பவர் மனம் தளர்வது இயல்பு என்றும், தளர்ந்த மனம் வலியை இன்னும் கூட்டும் என்றும் பொறுமையாகச் சொன்னார். ஆலோசகரிடம் ஆறு முறை போனேன். வலி வரும் நாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த கொடுஞ்சொற்களை அங்கேதான் அடையாளம் கண்டேன்.

உடற்பயிற்சி பற்றி மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்லியும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிற்கவே முடியாதவளை நடக்கச் சொல்கிறாரே என்ற வருத்தம். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2017-இல் வெளியிட்ட திருத்திய பரிந்துரைகளில், வலுவான பரிந்துரை என்று குறித்தது உடற்பயிற்சி ஒன்றை மட்டும்தான் என்று அவர் எடுத்துக் காட்டிய பிறகே தொடங்கினேன். தொடங்கியதும் தவறாகவே. வண்டியூர்த் தெப்பக்குளத்தை முதல் நாளே மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. பிறகு இயன்முறை மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார்: மிக மோசமான நாளில் எவ்வளவு நடக்க முடியுமோ, அதுதான் தொடக்க அளவு. எனக்கு அது ஐந்து நிமிடம். கிழக்குப் படித்துறையில் தொடங்கி, குளத்தின் ஒரு பக்கச் சுவர் முடிவதற்குள் திரும்பிவிடுவேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டினேன். நல்ல நாளிலும் அந்த அளவைத் தாண்டக் கூடாது என்பதுதான் கடினமான விதி. உடம்பு லேசாக இருக்கும் காலைப் பொழுதில், தேங்கிக் கிடக்கும் வேலையெல்லாம் கண்ணில் படும். ஒரே மூச்சில் செய்துவிடத் தோன்றும். அப்படிச் செய்த ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாள் படுத்திருக்கிறேன். இப்போது முழுச் சுற்று நடக்கிறேன். அதற்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

பெயர் கிடைத்த பிறகு இன்னொரு பள்ளம் இருக்கிறது. நானே அதில் விழுந்தேன். எது வந்தாலும் ஃபைப்ரோமயால்ஜியா என்று வைத்துக்கொள்வது. 2022-இல் களைப்பு திடீரென்று கூடியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நோய் முற்றிவிட்டது என்றே நினைத்து நான்கு மாதம் தள்ளினேன். தாளில் "களைப்பு கூடியிருக்கிறது" என்ற வரியைப் பார்த்ததும், மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டார். சோதித்ததில் ஹீமோகுளோபின் வெறும் 7.8, கடுமையான ரத்தசோகை. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, அதனால் அதிக உதிரப்போக்கு. பெயர் ஒத்திருப்பதால், ஆண்டுக்கணக்கில் எனக்கு இருந்தது அந்தக் கட்டிதான் என்று இன்றுவரை நம்பும் உறவினர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருவேறு நோய்கள். புதிதாக ஒன்று தோன்றினால், அல்லது பழையது போக்கு மாறினால், அதைப் புதிய செய்தியாகவே சொல்ல வேண்டும். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், கை கால் வலுவிழத்தல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் இந்த நோய் இல்லை. ஆகவே சலுகை என்று உரிமையோடு கேட்க எனக்கு வழியில்லை. தலைமையாசிரியையிடம் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. மருத்துவரிடம் பொத்தாம் பொதுவான சான்றிதழ் கேட்காமல், "நீண்ட நேரம் நிற்பதையும் தோளுக்கு மேல் கையைத் தூக்கும் வேலையையும் தவிர்க்க வேண்டும்" என்று எழுதித் தரக் கேட்டேன். அப்படி எழுதிய ஒரு வரியால் தரைத்தளத்தில் வகுப்பும் உட்கார நாற்காலியும் கிடைத்தன. பலகையின் மேல்பாதியில் இப்போது மாணவர்கள் எழுதுகிறார்கள். தேதி எழுதும் முறை யாருக்கு என்று அவர்களுக்குள் ஓர் அட்டவணையே இருக்கிறது.

அடுத்த சந்திப்பு வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை. தாளில் இதுவரை இரண்டு கேள்விகள் எழுதியிருக்கிறேன். மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குவதால் தூக்கத்தில் வரும் மாற்றத்துக்கு என்ன செய்வது என்பது ஒன்று. மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்பது இரண்டாவது. மூன்றாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அத்தைக்குச் சில மாதங்களாக இரவில் கால் உளைகிறதாம், தம்மையும் அழைத்துப் போகச் சொல்கிறார்.